நியூட்ரான் சிக்கனமும் வெப்பச் சிக்கனமும்: இந்திய அணுமின் உலைகளின் வரலாற்றில் இரு கணக்குகள்

முன்னுரை

மின்நிலையத்தின் பயனுறுதிறன் என்பது பொறியாளர் கையாளும் ஓர் அளவை. அதனை வரலாற்று ஆவணமாகவும் படிக்க இயலும். 220 மெகாவாட் திறனுடைய இந்தியக் கனநீர் உலையொன்று ஏறத்தாழ 756 மெகாவாட் வெப்பத்தைத் தோற்றுவித்து, அதில் 29 விழுக்காட்டை மட்டுமே மின்சாரமாக மாற்றுகிறது. எஞ்சிய 71 விழுக்காடு கடலுக்கோ, நீர்த்தேக்கத்திற்கோ, குளிர்விப்புக் கோபுரங்களின் வழியே காற்றுக்கோ சென்று சேர்கிறது. நிலக்கரி அனல்மின் நிலையங்கள் 35 விழுக்காட்டை எட்டக்கூடியனவாக இருந்த காலத்தில், அதனினும் குறைந்த பயனுறுதிறன் கொண்ட உலை வகையை ஒரு நாடு தன் அணுமின் திட்டத்திற்கு அடித்தளமாகத் தேர்ந்தது ஏன் என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவிற்கான விடை, அணு உலைக்குள் ஒருங்கே நடைபெறும் இரு கணக்குகளில் அடங்கியுள்ளது. ஒன்று, நியூட்ரான்களின் வரவு செலவுக் கணக்கு. அது அணுக்கரு இயற்பியலைச் சார்ந்தது. மற்றொன்று, வெப்பத்தின் வரவு செலவுக் கணக்கு. அது வெப்ப இயக்கவியலைச் சார்ந்தது. இவ்விரண்டும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அம்முரணில் இந்தியா எப்பக்கம் நின்றது, அதற்கு எவ்விலை கொடுத்தது என்பதை 1956 முதலான உலைகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிளவும் தொடர்வினையும்

1938ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கி, விளைபொருளில் பேரியம் இருப்பதைக் கண்டனர். கனமான அணுக்கரு இரண்டாகப் பிளந்ததே இதற்குக் காரணம் என்பதை லிசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் 1939இன் தொடக்கத்தில் விளக்கினர். ஒவ்வொரு பிளவிலும் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும், சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்களும் வெளிப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அடுத்த பிளவை நிகழ்த்துமாயின் தொடர்வினை நிலைபெறும். 1942 டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியின் குழுவினர் யுரேனியத்தையும் கிராஃபைட்டையும் அடுக்கி இதனை மெய்ப்பித்தனர்.

ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கும் அதற்கு முந்தைய தலைமுறைக்கும் உள்ள விகிதம் பெருக்கக் காரணி எனப்படும். அது சரியாக ஒன்றாக இருக்கும்போது உலை மாறுநிலையில் உள்ளது என்பர். ஒன்றுக்குக் குறையின் வினை அவியும், மிகின் வளரும். இந்நுண்ணிய சமநிலையைக் கட்டுப்படுத்த இயல்வதற்கு இயற்கையின் ஒரு சிறு தாமதமே காரணம். யுரேனியம்-235இன் பிளவில் தோன்றும் நியூட்ரான்களுள் ஏறத்தாழ 0.65 விழுக்காடு, பிளவின்போது உடனே வெளிப்படாமல், பிளவுத் துண்டுகளிலிருந்து சில நொடிகளோ அதற்கும் மேலோ கழித்து வெளிவருகின்றன. ஆயிரத்தில் ஆறோ ஏழோ ஆகிய இப்பிந்திய நியூட்ரான்கள் இல்லையெனின், கட்டுப்பாட்டுத் தண்டுகளை நகர்த்துவதற்குக்கூட நேரம் இராது.

2. தணிப்பானும் நியூட்ரான் சிக்கனமும்

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 ஏறத்தாழ 0.7 விழுக்காடே உள்ளது. எஞ்சியது பெரிதும் யுரேனியம்-238. அது நியூட்ரான்களை விழுங்கிப் பின்னர் புளூட்டோனியமாக மாறுவது. பிளவில் தோன்றும் நியூட்ரான்கள் மிகுவேகம் உடையவை. வேகம் குறைந்த நியூட்ரான்களே யுரேனியம்-235இல் பிளவை எளிதாக நிகழ்த்துகின்றன. ஆகவே, வேகத்தைக் குறைக்கும் பொருள் ஒன்று தேவைப்படுகிறது. தமிழ்ப் பாடநூல்கள் அதனைத் தணிப்பான் என வழங்குகின்றன. இச்சொல் ஒரு மயக்கத்திற்கு இடந்தரக்கூடியது. தணிவது நியூட்ரானின் வேகமேயன்றித் தொடர்வினை அன்று. வேகம் தணியத் தணியத் தொடர்வினை வலுப்பெறுகிறது. தணிப்பான் இன்றேல் இயற்கை யுரேனியம் வெறும் கனமான உலோகமாகவே கிடக்கும்.

வேகத்தைக் குறைப்பதில் சாதாரண நீரே சிறந்தது. அதிலுள்ள ஹைட்ரஜனோடு ஏறத்தாழ 18 முறை மோதினால் நியூட்ரான் போதிய அளவு தளர்ந்துவிடும். கனநீரிலுள்ள டியூட்டிரியத்தோடு ஏறத்தாழ 25 மோதல்களும், கிராஃபைட்டிலுள்ள கரியோடு நூற்றுக்கு மேற்பட்ட மோதல்களும் வேண்டும். எனினும் ஹைட்ரஜன் நியூட்ரான்களை உட்கொள்ளும் இயல்புடையது. டியூட்டிரியமோ அதனினும் ஐந்நூறு மடங்குக்கு மேல் குறைவாகவே உட்கொள்கிறது. இதன் விளைவு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. சாதாரண நீரைத் தணிப்பானாகக் கொள்ளும் உலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். கனநீரைக் கொள்ளும் உலைக்கு, மண்ணிலிருந்து எடுத்துத் தூய்மையாக்கிய யுரேனியமே போதும்.

யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலைகள் 1950களிலும் 1960களிலும் மிகச் சில நாடுகளிடமே இருந்தன. ஆகவே, தணிப்பானைத் தெரிவு செய்வது எரிபொருளுக்கு எவரைச் சார்ந்திருப்பது என்பதைத் தெரிவு செய்வதாகவும் அமைந்தது. இயற்பியலின் ஒரு சிறு மாறிலி நாடுகளின் அரசியலைத் தொடும் இடம் இதுவே எனலாம்.

3. வெப்பத்தின் கணக்கு

உலை தருவது வெப்பம் மட்டுமே. அதனை மின்சாரமாக்கும் பணி, நீராவிப் பொறியின் நெடிய மரபைச் சார்ந்தது. வெப்பத்தை முற்றிலும் இயக்கமாக மாற்ற இயலாது என்பதையும், மாற்றக்கூடிய பங்கின் மேல்வரம்பு வெப்பம் பெறப்படும் வெப்பநிலையையும் வெளியேற்றப்படும் வெப்பநிலையையும் மட்டுமே பொறுத்தது என்பதையும் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824இல் வெளியிட்ட நூலின்வழிப் புலப்படுத்தினார். நீரைக் கொதிக்கவைத்து, நீராவியால் சுழலியை ஓட்டி, அதனை மீண்டும் நீராக்கிக் கொதிகலனுக்கு அனுப்பும் சுழற்சி, ஸ்காட்லாந்து அறிஞர் வில்லியம் ரேங்கினின் பெயரால் வழங்குகிறது. அணுமின் நிலையமும் அனல்மின் நிலையமும் இச்சுழற்சியையே பின்பற்றுகின்றன.

இந்தியக் கனநீர் உலையில் சுழலிக்குச் செல்லும் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ், அதாவது 523 கெல்வின். வெளியேற்றும் வெப்பநிலையை 40 பாகை, அதாவது 313 கெல்வின் எனக் கொண்டால், கார்னோவின் வரம்பு 40 விழுக்காடாகிறது. உராய்வு, நீராவியின் ஈரம், நிலையத்தின் பிற இழப்புகள் ஆகியன போக 29 விழுக்காடு எஞ்சுகிறது. நிலக்கரி நிலையங்களின் நீராவி 540 பாகையை எட்டுவதால் அவற்றின் வரம்பு 60 விழுக்காட்டைக் கடக்கிறது. எனவே, கனநீர் உலையின் குறை அதன் நீராவியின் தாழ்ந்த வெப்பநிலையில் உள்ளது. அவ்வெப்பநிலை ஏன் தாழ்ந்தது என்பதற்கான விடை மீண்டும் நியூட்ரான் கணக்கிற்கே இட்டுச் செல்கிறது.

4. கனநீர் உலையின் அமைப்பும் விலையும்

செறிவூட்டிய யுரேனிய உலைகள் பலவற்றில் உள்ளகம் முழுவதும் தடித்த எஃகுக் கலன் ஒன்றில் அடங்கியிருக்கும். கனநீர் உலையில் அத்தகைய பெருங்கலன் இல்லை. 220 மெகாவாட் உலையில் 306 கிடைமட்டக் குழாய்கள் எரிபொருளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றினூடே மிகுந்த அழுத்தத்தில் கனநீர் பாய்ந்து வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. இக்குழாய்களைச் சூழ, கேலண்ட்ரியா எனப்படும் உருளைத் தொட்டியில், தணிப்பானாகிய கனநீர் அழுத்தமின்றிக் குளிர்ந்த நிலையில் நிற்கிறது. மிகப் பெரிய அழுத்தக் கலனை வார்த்தெடுக்கும் ஆலை இல்லாத நாட்டிற்கு இவ்வமைப்பு ஏற்றதாயிற்று.

ஆயின் ஒவ்வொரு வசதியும் வெப்பக் கணக்கில் ஒரு செலவாகப் பதிகிறது. குழாய்களின் சுவர் தடித்தால் நியூட்ரான்கள் வீணாகும். ஆகவே சிர்க்கோனியம் கலந்த உலோகத்தால் அவை மெல்லியனவாக ஆக்கப்படுகின்றன. மெல்லிய குழாய் தாங்கும் அழுத்தத்திற்கும் வெப்பத்திற்கும் எல்லை உண்டு. குளிர்விக்கும் கனநீர் ஏறத்தாழ 293 பாகையில் வெளிவருவதோடு அமைகிறது. அவ்வெப்பம் கொதிகலன்களில் சாதாரண நீருக்கு மாற்றப்படும்போது மேலும் சில பாகைகள் குறைகின்றன. கொதிகலன்களின்றிக் கனநீரையே ஆவியாக்கிச் சுழலிக்கு அனுப்பலாம் எனின், விலைமிக்க கனநீர் கசிந்து வீணாகும். இவையன்றி, பிளவின் வெப்பத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு தணிப்பானிலேயே தங்கிவிடுகிறது. தணிப்பானைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டியிருப்பதால் அவ்வெப்பம் மின்னாக்கத்திற்குப் பயன்படாமலே வெளியேற்றப்படுகிறது.

எரிபொருளைக் கணக்கிட்டால் மாறுபட்ட தோற்றம் புலனாகிறது. கனநீர் உலையில் ஒரு டன் இயற்கை யுரேனியம் ஏறத்தாழ 7,000 மெகாவாட்-நாள் வெப்பம் தருகிறது. 3 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியம் ஒரு டன், சாதாரண நீர் உலையில் 33,000 மெகாவாட்-நாள் அளவுக்குத் தருகிறது. ஐந்து மடங்கு போலத் தோன்றும் இவ்வேறுபாடு மேலோட்டமானது. அந்த ஒரு டன்னைப் பெற ஐந்தரை முதல் ஆறு டன் வரை இயற்கை யுரேனியம் தேவைப்படுகிறது. சாதாரண நீர் உலையின் பயனுறுதிறனை 33 விழுக்காடு எனக் கொண்டு கணக்கிட்டால், தோண்டியெடுத்த ஒவ்வொரு டன் யுரேனியமும் 1,800 முதல் 2,000 வரை மெகாவாட்-நாள் மின்சாரம் தருவதாகிறது. கனநீர் உலையிலோ அது 2,030 ஆகிறது. வெப்பத்தில் இழந்ததை நியூட்ரானில் ஈடுசெய்துகொள்ளும் உலை இது என்பது இதனால் தெளிவாகும்.

5. டிராம்பே முதல் தாராப்பூர் வரை

இந்திய அணுசக்தி ஆணையம் 1948இல் அமைந்தது; ஹோமி ஜஹாங்கீர் பாபா (1909-1966) அதன் தலைவரானார். இந்தியாவில் யுரேனியம் குறைவாகவும், கடற்கரை மணலின் மோனசைட்டில் தோரியம் மிகுதியாகவும் இருப்பதைக் கருத்திற்கொண்டு அவர் 1954இல் மூன்று கட்டத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். முதற்கட்டத்தில் இயற்கை யுரேனியம் எரியும். அதில் விளையும் புளூட்டோனியம் இரண்டாம் கட்டத்தின் வேக ஈனுலைகளுக்குச் செல்லும். மூன்றாம் கட்டத்தில், தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233 எரிபொருளாகும். இத்திட்டம் முழுவதும் நியூட்ரான்களைச் சேமிக்கும் கணக்கின்மீதே எழுப்பப்பட்டது.

1956 ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா மாறுநிலையை எட்டியது. நீர்த்தொட்டியில் அமைந்த 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை அது. உலையை உள்நாட்டினரே அமைத்தனர், செறிவூட்டிய எரிபொருளோ பிரிட்டனிலிருந்து வந்தது. 1960இல் கனடாவின் உதவியுடன் அமைந்த 40 மெகாவாட் வெப்பத்திறனுடைய சைரஸ் உலை, இயற்கை யுரேனியத்தையும் அமெரிக்கா வழங்கிய கனநீரையும் கொண்டு இயங்கியது. 1962இல் நங்கலில் முதற் கனநீர் ஆலை தொடங்கப்பெற்றது. இயற்கை நீரில் ஏறத்தாழ 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு டியூட்டிரிய அணுவே காணப்படுவதால், கனநீரைப் பிரித்தெடுப்பது பெரும் ஆற்றலைக் கோரும் பணியாகும். ஒரு 220 மெகாவாட் உலைக்கோ 200 டன்னுக்கு மேல் கனநீர் வேண்டும்.

இப்பின்னணியில் நோக்கும்போது, முதல் மின்நிலையமாகிய தாராப்பூர் இத்திட்டத்தின் நெறியிலிருந்து விலகியதாகக் காணப்படுகிறது. 1964இல் ஒப்பந்தம் செய்யப்பெற்று, 1969இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிய அதன் இரு உலைகளும் அமெரிக்க நிறுவனத்தால் கட்டப்பெற்ற கொதிநீர் உலைகள். சாதாரண நீரே அவற்றின் தணிப்பானும் குளிர்விப்பானும் ஆகும். அணுமின்சாரம் இந்தியச் சூழலில் நடைமுறைக்கு ஏற்றது என்பதை விரைவில் மெய்ப்பிக்க அவை பயன்பட்டன. எரிபொருளை முப்பது ஆண்டுகளுக்கு வழங்க அமெரிக்கா 1963இல் இசைந்திருந்தது.

1974 மே 18ஆம் நாள் பொக்ரானில் நிகழ்த்தப்பெற்ற அணுவெடிப்பு இச்சூழலை மாற்றியது. அதற்கான புளூட்டோனியம் சைரஸ் உலையிலிருந்து பெறப்பட்டது. அமெரிக்கா 1978இல் இயற்றிய சட்டத்தின் விளைவாக எரிபொருள் வழங்கல் தடைப்பட்டது. 1982 முதல் பிரான்சும், பின்னர் சீனாவும், அதன்பின் ரஷ்யாவும் அந்த இடத்தை நிரப்பின. செறிவூட்டலைச் சார்ந்த உலை, வழங்குவோர் கைமாறும்தோறும் நிச்சயமின்மைக்கு ஆளானது. பாபா எச்சரிக்கையோடு நோக்கிய சார்பு இவ்வாறு மெய்யாயிற்று.

6. இராஜஸ்தானும் கல்பாக்கமும்

கனடாவின் டக்ளஸ் பாயிண்ட் உலையை முன்மாதிரியாகக் கொண்ட இராஜஸ்தானின் முதல் உலை 1973இல் வணிக நோக்கில் இயங்கத் தொடங்கியது. 1974க்குப் பின் கனடா விலகியது. இரண்டாம் உலையை இந்தியப் பொறியாளர்களே நிறைவு செய்ய நேர்ந்தது. அது 1981இல்தான் இயக்கத்திற்கு வந்தது. ஆயினும் அது வந்தது என்பதே கருதத்தக்கது. ஜாதுகுடாவின் யுரேனியமும், ஹைதராபாதில் ஆக்கப்பெற்ற எரிபொருள் கற்றைகளும், வடோதரா, தூத்துக்குடி முதலிய இடங்களில் எழுந்த கனநீர் ஆலைகளும் இவ்வுலை வகையை அயலார் தடையிலிருந்து காத்தன.

கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலையில் மாறுநிலையை எட்டி, 1984 ஜனவரியில் வணிக நோக்கில் இயங்கத் தொடங்கியது. இரண்டாம் உலை 1986இல் இணைந்தது. குளிர்விக்கும் கடல்நீரைக் கொணர்வதற்குக் கடலடியில் சுரங்கம் குடையப்பட்டது. வெப்பத்தின் பெரும்பங்கைக் கடலுக்கே ஈந்தாக வேண்டிய நிலையத்திற்கு அச்சுரங்கம் உலைக்கு நிகரான இன்றியமையாமை உடையது.

தற்சார்பு இடரின்றிக் கைகூடவில்லை. இராஜஸ்தானின் முதல் உலையில் முனைக் காப்புச் சுவரில் விரிசல் கண்டு அதன் திறன் குறைக்கப்பட்டது. 2004க்குப் பின் அது இயங்கவில்லை. கல்பாக்கத்திலும் தணிப்பான் உள்வரும் அமைப்பு பழுதுற்றதால் இரு உலைகளும் பல ஆண்டுகள் 170 மெகாவாட்டில் இயங்கின. மேலும், 2000களின் பிற்பகுதியில் உள்நாட்டு யுரேனியமே போதாமற்போய், கனநீர் நிலையங்கள் தாழ்ந்த திறனில் இயங்க நேர்ந்தது. அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு 2008 செப்டம்பரில் விலக்கு அளித்த பின்னரே அந்நெருக்கடி தளர்ந்தது. நியூட்ரான் சிக்கனம் செறிவூட்டலிலிருந்து விடுதலை தந்ததேயன்றிச் சுரங்கத்தின் எல்லையிலிருந்து விடுதலை தரவில்லை.

7. நரோரா: இரு கணக்குகளும் சந்தித்த இரவு

தொடர்வினையை நிறுத்துவது வெப்பத்தை நிறுத்துவதாகாது. பிளவுத் துண்டுகள் கதிரியக்கத்தால் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய நொடியில் முழு வெப்பத்திறனில் 6 முதல் 7 விழுக்காடு வரை எஞ்சுகிறது. ஒரு நாள் கழித்தும் அரை விழுக்காட்டளவு நீடிக்கிறது. 756 மெகாவாட் உலையில் தொடக்க எச்சம் ஏறத்தாழ 50 மெகாவாட் ஆகும். இவ்வெப்பத்தை எந்தத் தண்டும் அணைக்காது. நீர் ஒன்றே கொண்டுசெல்ல இயலும்.

1993 மார்ச் 31ஆம் நாள் அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் முதல் உலையின் சுழலியில் இரு தகடுகள் முறிந்தன. அதிர்வால் மின்னாக்கியின் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீ கம்பிவடங்களின் வழியே பரவி, நிலையத்தின் மின்வழங்கலை முற்றிலும் துண்டித்தது. உலை நிறுத்தப்பட்டதெனினும், அது மீண்டும் மாறுநிலைக்குத் திரும்பாதிருக்க இயக்குநர்கள் இருளில் கைவிளக்குகளோடு மேலேறிச் சென்று நியூட்ரான்களை உட்கொள்ளும் போரான் கரைசலைத் தணிப்பானில் கலந்தனர். தீயணைப்புக்கான டீசல் எக்கிகளைக் கொண்டு கொதிகலன்களுக்கு நீர் செலுத்தப்பட்டது. எக்கிகள் நின்ற நிலையிலும், சூடான கனநீர் மேலெழுந்து குளிர்ந்த கனநீர் கீழிறங்கும் இயற்கைச் சுழற்சியால் எரிபொருள் குளிர்ந்தது. ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் மின்சாரமின்றி இருந்தது. உள்ளகம் சிதையவில்லை, கதிரியக்கம் வெளிப்பரவவில்லை.

விபத்தின் வித்து அணுக்கருவில் இல்லை; எல்லா அனல்மின் நிலையங்களுக்கும் பொதுவான சுழலியில் இருந்தது. நாட்டின் கவனம் நெடுங்காலம் எரிபொருளிலும் கனநீரிலும் குவிந்திருக்க, பழக்கப்பட்டது எனக் கருதப்பெற்ற வெப்பப் பகுதியே உலையை இடர்விளிம்பிற்குக் கொண்டுசென்றது என்பது இந்நிகழ்வு உணர்த்தும் பாடமாகும்.

8. முரண் தீரும் வழி

இவ்விரு கணக்குகளையும் ஒருங்கே நேர்செய்ய முயலும் உலையாக வேக ஈனுலையைக் கருதலாம். அதில் தணிப்பான் இல்லை. நியூட்ரான்கள் வேகமாகவே பயன்படுகின்றன. எரிந்த புளூட்டோனியத்தினும் மிகுதியாக யுரேனியம்-238இலிருந்து புதிது விளைவிக்க இயலும். வெப்பத்தைக் கொண்டுசெல்வது உருகிய சோடியம். உயர் அழுத்தமின்றியே அது 500 பாகைக்கு மேல் செல்லக்கூடியது. கல்பாக்கத்தில் 1985 அக்டோபர் 18ஆம் நாள் மாறுநிலையை எட்டிய வேக ஈனுலைச் சோதனை நிலையம், புளூட்டோனியம் மிகுந்த கலப்புக் கார்பைடு எரிபொருளைப் பயன்படுத்தியது. 500 மெகாவாட் மின்திறனுடைய முன்மாதிரி வேக ஈனுலை 1,250 மெகாவாட் வெப்பத்திற்கென வடிவமைக்கப்பட்டது. அதன்படி பயனுறுதிறன் 40 விழுக்காடாகிறது. 2004இல் கட்டுமானம் தொடங்கிய அவ்வுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நீரோடும் காற்றோடும் எளிதில் தீப்பற்றும் சோடியத்தைக் கையாளும் அருமை, இவ்விருபது ஆண்டுகளின் தாமதத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. கணக்கில் தீர்ந்த முரண், உலோகத்திலும் காலத்திலும் வேறு வடிவில் தோன்றுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தணிப்பானைத் தெரிவு செய்வது எரிபொருளையும், எரிபொருள் நாடுகளிடையேயான உறவையும் தீர்மானித்தது. தாராப்பூரும் இராஜஸ்தானும் 1974க்குப் பின் அடைந்த வெவ்வேறு நிலைகள் இதற்குச் சான்றாகும்.

2. கனநீர் உலையின் தாழ்ந்த பயனுறுதிறன், மெல்லிய குழாய்கள், குளிர்ந்த தணிப்பான், இடைநிலைக் கொதிகலன் ஆகிய நியூட்ரான் சிக்கன ஏற்பாடுகளின் விளைவு. தோண்டியெடுத்த யுரேனியத்தின் அளவில் நோக்கின் அவ்விழப்பு ஏறத்தாழ ஈடாகிறது.

3. இத்தெரிவு முழுத் தற்சார்பை நல்கவில்லை. யுரேனியப் பற்றாக்குறையும் கருவிகளின் பழுதும் அதன் எல்லைகளைக் காட்டின.

4. அணு உலையின் பாதுகாப்பு நியூட்ரான்களைக் கட்டுப்படுத்துவதோடு முடிவதில்லை. எஞ்சும் வெப்பத்தை அகற்றுவதிலேயே அது நிறைவுறுகிறது என்பதை நரோரா நிறுவியது.

29 விழுக்காடு என்னும் எண்ணைப் பின்தங்கிய தொழில்நுட்பத்தின் அடையாளமாக மட்டும் கொள்வது பொருந்தாது. செறிவூட்டும் ஆலையும் பெரும் அழுத்தக் கலனும் இல்லாத ஒரு நாடு, தன்னிடம் இருந்த யுரேனியத்தைப் பிறர் இசைவின்றி எரிக்க விரும்பியபோது, வெப்பத்தில் செலுத்திய விலை அது.